கற்றளி நிற்கும் என்பதற்குச் சான்று எங்கே?

தஞ்சைப் பெருவுடையார் கோயில் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. கி.பி. 1010ஆம் ஆண்டில், தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாளில், மாமன்னன் இராசராசன் விமானத்தின் உச்சித் தூபியில் வைக்கச் செப்புக்குடம் அளித்த செய்தியை அக் கோயிற் கல்வெட்டே கூறுகின்றது. வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயரும் அக் கோயிற் கல்வெட்டாலேயே நமக்குத் தெரிந்தது. நாளையும், ஈந்த பொருளின் எடையையும், ஆடிய மகளிரின் பெயரையும், விளக்குக்கு நெய்யளந்த இடையரின் பெயரையும் கல்லிற் பொறித்து வைத்த இனம் நம்மினம். சான்றின்றிப் பேசாத அம் முன்னோர்க்குப் பிறந்த நாம், இன்று அவர்தம் கோயிலைப் பற்றிச் சான்றின்றி என்னென்ன பேசுகின்றோம் என்பதைத் தமிழன்பர்கள் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது ஒரு கதை. ஞாயிற்றொளியில் நிற்கும் எப்பொருட்கும் நிழலுண்டு. மாலை வேளையில் அத் திருமுற்றத்தில் நின்று கண்ணாற் காண்பார்க்கு அந் நிழல் தெரியும். உச்சியிலுள்ளது 80 தொன் எடையுள்ள ஒரே கல் என்பது மற்றொரு கதை. அது பல கற்களை இணைத்து அமைத்தது என்பதை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். இவற்றினும் மேலாக இந் நாளில் மேடைதோறும் முழங்குவது மூன்றாவது கதை: தஞ்சைத் தலையாட்டிப் பொம்மை போல் அக் கோயில் எத்தகைய நிலநடுக்கத்திலும் ஆடி ஆடித் தானே நேர் நின்றுவிடும் என்பது. பொம்மை நேர் நிற்பது, அதன் அடி உருண்டு, எடையெல்லாம் அவ் வுருண்ட அடியிலேயே இருப்பதனால். கோயிலின் அடியோ அகன்ற சமதளச் சதுரம். பொம்மையின் இயல்பைக் கோயிலுக்கு ஏற்றிச் சொல்வார் பொம்மையையும் அறியார், கோயிலையும் அறியார்.

இவை வெறும் ஆர்வப் பேச்சுகள் தாமே, இவற்றால் என்ன கேடு என்று சிலர் வினவலாம். கேடு இரண்டு. ஒன்பது மெய்யோடு ஒரு பொய்யைச் சேர்த்துச் சொன்னால், பொய் வெளிப்பட்ட அன்றே ஒன்பது மெய்யும் ஐயத்துக்கு உள்ளாகும். தமிழின் தொன்மையையும் தனித்தன்மையையும் மறுப்பதற்கே காத்திருப்பார்க்கு நாமே படைக்கலம் ஈந்தவராவோம். இது முதற் கேடு. இரண்டாவது இதனினும் பெரிது. எதனாலும் அசையாது என்று நம்பப்படும் கட்டடத்தை எவரும் காவார். விரிசலைக் கண்டாலும் அளவார். கூரையில் நீர் ஊறினாலும் பார்க்க ஏறார். தெய்வம் காக்கும், முன்னோர் திறம் காக்கும் என்று சொல்லிக்கொண்டே கைவிட்டுவிடுவர். வாய்ப்புகழ்ச்சி வளருமிடத்தில் காவல் தளரும்.

ஆயிரம் ஆண்டு நின்றதே சான்றாகாதா என்று கேட்பாருக்கு விடை சொல்வோம். நின்றது மெய். எதன்முன் நின்றது என்பதே வினா. தன் எடையைத் தாங்கி நின்றது. மழையையும் வெயிலையும் இடியையும் தாங்கி நின்றது. அவற்றுக்கு அது சான்று. ஆனால் தள்ளப்படாத சுவர், தள்ளினால் வீழாது என்பதற்குச் சான்றாகாது. தமிழகத்தில் நிலநடுக்கம் அரிது; இல்லாததன்று. 1900ஆம் ஆண்டு பிப்பிரவரி 8ஆம் நாள் கோவைப் பகுதியில் ஏறத்தாழ 6 என்னும் அளவையுடைய நடுக்கம் நேர்ந்தது. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் புதுவைக்கு அப்பாற் கடலடியில் 5.5 அளவில் நேர்ந்த நடுக்கத்தைச் சென்னை மக்கள் உணர்ந்தனர். 2002ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய நிலநடுக்க வரைபடத்தில், அதுவரை 2ஆம் மண்டலத்திலிருந்த சென்னை 3ஆம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. காஞ்சியும் வேலூரும் கோவையும் அம் மண்டலத்திலேயே வைக்கப்பட்டன. தஞ்சை 2ஆம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. நடுக்கம் அரிதான நிலத்தில் நெடுங்காலம் நின்றமை ஒரு நற்குறி. அதுவே முடிந்த முடிபு ஆகிவிடாது.

கட்டடம் நடுக்கத்தில் எவ்வாறு வீழ்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கல்லும் செங்கல்லும் அழுத்தத்தைத் தாங்க வல்லவை. இழுப்பைத் தாங்க மாட்டாதவை. மேலிருந்து கீழிறங்கும் எடையைச் சுமக்கும்வரை அவற்றுக்கு இணையில்லை. நிலம் பக்கவாட்டில் அசையும்போது, அடி நிலத்தோடு செல்ல, மேற்பகுதி நின்ற இடத்திலேயே நிற்க முயல்கின்றது. அப்போது ஒரு பக்கம் அழுத்தமும் மறுபக்கம் இழுப்பும் தோன்றும். இழுப்புத் தோன்றிய பக்கத்தில் மூட்டு திறக்கும். சுவர் தன் நெடும்போக்கில் தள்ளப்பட்டால் எதிர்த்து நிற்கும். குறுக்கே தள்ளப்பட்டால் முகங்கவிழும். ஆதலால் சுவரோடு சுவரும், சுவரோடு கூரையும் கட்டுண்டு கிடக்கின்றனவா என்பதே உயிரான வினா.

இதனை ஓரிரவிற் கற்பித்தது மராட்டிய நாட்டு இலாத்தூர்ப் பகுதி. 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் விடியுமுன் கில்லாரியைச் சூழ்ந்த ஊர்களில் நேர்ந்த நடுக்கத்தின் அளவை 6.2 தான். மாண்டவரோ பதினாயிரத்தை நெருங்கினர். அவ் வூர் வீடுகள் தடித்த கற்சுவர் வீடுகள். தடிப்பே வலிமையென்று கண்ணுக்குத் தோன்றும். ஆனால் அச் சுவர்களின் உள்முகமும் வெளிமுகமும் தனித்தனியே மண்சாந்தால் அடுக்கப்பட்டவை. இரு முகத்தையும் ஊடறுத்துப் பிணைக்கும் குறுக்குக்கல் இல்லாதவை. தலைமேலோ தடித்த மண்கூரை. நிலம் அசைந்ததும் சுவர் இரண்டாகப் பிளந்தது. கூரை உறங்கினார் மேல் இறங்கியது. ஒரு பிணைப்புக்கல்லின் இன்மை ஓர் ஊரின் அழிவாயிற்று.

நேபாளமும் பாடம் சொல்லும். 1934ஆம் ஆண்டு நடுக்கத்தில் இடிந்து, மீண்டும் எழுப்பப்பட்ட காத்துமாண்டுவின் தராகரா என்னும் உயர்கோபுரம், 2015ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் நாள் 7.8 அளவில் நேர்ந்த நடுக்கத்தில் மீண்டும் இடிந்தது. ஆனால் 1702இல் எழுந்த பத்தபூர் நகரத்து ஐந்தடுக்குக் கோயிலாகிய நியாத்தபோலா இரு நடுக்கங்களிலும் நின்றது. அடுத்தடுத்த ஊர்களில், ஒரே நடுக்கத்தில், ஒன்று வீழ, ஒன்று நின்றது. பழமை இரண்டுக்கும் பொது, அமைப்பு வேறு. பழமையே காப்பென்பாரும், பழையதெல்லாம் இடியுமென்பாரும் இதனை எண்ணுக.

இனி நம் தஞ்சை விமானத்துக்கு வருவோம். அதன் அடி ஏறத்தாழ 100 அடிச் சதுரம். உயரம் 216 அடி என வழங்குவது. இதனைத் திண்ணிய கூம்பாகக் கொண்டால், எடைநடுவம் உயரத்திற் காற்பங்காகிய 54 அடியில் அமையும். அடியின் பாதி 50 அடி. முழுக் கட்டடமும் ஒரே கல்போல் ஒட்டி நின்று கவிழவேண்டுமாயின், பக்கவாட்டு முடுக்கம் நில ஈர்ப்பு முடுக்கத்தை 54 பங்காக்கி அதில் 50 பங்கை எட்டவேண்டும். விமானம் உட்கூடு உடையது. கூட்டுக் கூம்பெனக் கொண்டால் எடைநடுவம் மூன்றிலொரு பங்காகிய 72 அடிக்கு ஏறும். வேண்டிய முடுக்கம் ஈர்ப்பில் 72இல் 50 பங்காகக் குறையும். கீழ்ச்சுவர்கள் செங்குத்தாக எழுதலின் கணக்கு இன்னும் சற்று மாறும். எவ்வாறாயினும் அது பேரளவே. 2ஆம் மண்டலத்துக்கு அவ் வரைபடத்தோடு வகுத்த கெழு ஈர்ப்பிற் பத்திலொரு பங்குதான். அடியை அகற்றி, மேலே செல்லச் செல்லச் சுமையைக் குறைத்து, கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவரெழுப்பிய பெருந்தச்சனின் அறிவு இதில் விளங்குகின்றது. நிழலில்லாக் கோயில் என்னும் பொய்யைவிட இந்தக் கணக்கு நமக்குப் பன்மடங்கு பெருமை தருவதன்றோ?

ஆயினும் கணக்கு இங்கே முடியவில்லை. கட்டடம் ஒரே கல்லன்று. பல்லாயிரங் கற்களின் அடுக்கு. முழுமையும் கவிழுமுன் உறுப்புகள் நழுவலாம். மூலைக்கற்கள் விலகலாம், மாடங்களும் உருவங்களும் உதிரலாம், உச்சியில் நிற்கும் சிற்றுறுப்புகள், அடியிற் பிறந்த அசைவு மேலேறும்போது பெருகுதலின், கடுமையாக ஆட்டப்படலாம். மூட்டுகளில் கல்லும் கல்லும் உரசுவது ஒருவகையில் நன்மையே. நடுக்கத்தின் ஆற்றலை அவ் வுரசல் வெப்பமாகச் செலவிட்டு விடும். ஆனால் ஒவ்வொரு நழுவலும் மீளாத இடப்பெயர்ச்சி. இவை எத்துணை என்பதை நாவாற் சொல்ல முடியாது; கருவியாற்றான் சொல்ல முடியும்.

தமிழகத்துக் கோபுரங்களின் நிலை விமானத்தினின்றும் வேறு. பெரும்பாலானவற்றில் அடிநிலை மட்டுமே கருங்கல். அதன்மேல் எழும் நிலைகளெல்லாம் செங்கல்லும் சுதையும். இடையே மரவிட்டங்கள். நடுவில் வாயில் திறந்திருத்தலின் அடி குறைந்து உயரம் மிகுகின்றது. விட்டம் இற்றாலும், செடி வேரூன்றினாலும், நீர் இறங்கினாலும் உள்ளே நோய் பரவும். வெளியே வண்ணம் பளபளக்கும். திருக்காளத்தியின் அரசகோபுரம் 1516இல் கிருட்டிணதேவராயரால் எழுப்பப்பட்டது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு நின்ற அக் கோபுரம் 2010ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் இரவு இடிந்து வீழ்ந்தது. அன்று நிலம் நடுங்கவில்லை. நடுங்காத நிலத்திலேயே வீழ்ந்த கோபுரம், நடுங்கும் நிலத்தில் நிற்கும் என்று எவர் உறுதி கூறுவார்? அதனையொத்த கோபுரங்கள் நம் ஊர்தோறும் உள்ளன. அவற்றின் கீழே திருவிழா நாளில் பல்லாயிரவர் நடக்கின்றனர்.

தூண் மண்டபங்களின் நிலை வேறொன்று. தூணும் போதிகையும் உத்திரமும் பாவுகல்லும் ஒன்றன்மேலொன்று எடையாலேயே அமர்ந்தவை. ஓரடி அகலமும் எட்டடி உயரமும் உடைய தனித்தூண், ஈர்ப்பில் எட்டிலொரு பங்கு முடுக்கத்திலேயே ஓரம் தூக்கி ஆடத் தொடங்கும். ஆடத் தொடங்குவதும் வீழ்வதும் ஒன்றல்ல. 1963ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஔசுனர் இதனை ஆய்ந்து, ஒரே வடிவ ஒப்புமையுடைய இரண்டு பாளங்களுட் பெரியதே கவிழ்வதற்கு அரியது என்று காட்டினார். பெருந்தூண் ஒருபுறம் சாய்வதற்கு நேரம் வேண்டும். அதற்குள் நிலம் திசை மாறிவிடும். பழங்காலத்துப் பெருந்தூண்கள் பல நடுக்கங்களைக் கடந்து நிற்பதன் மறைபொருள் இதுவே. மந்திரமன்று, இயக்கவியல்.

இவ் வுண்மையாலேயே ஆய்வும் கடினமாகின்றது. கட்டடத்தைப் பெயர்த்து ஆட்டிப் பார்க்க இயலாது. ஒப்புரு செய்துதான் ஆட்டிப் பார்க்க வேண்டும். நீளத்தை ஆறிலொன்றாக்கினால் பரப்பு 36இல் ஒன்றாகும்; பருமனும் எடையும் 216இல் ஒன்றாகும். அதனால் ஒப்புருவின் கல்லில் விழும் அழுத்தம் மெய்க்கட்டடத்தின் அழுத்தத்தில் ஆறிலொன்றே. சிறியது எளிதிற் கவிழும் என்னும் விதியும் குறுக்கிடும். ஆதலால் எடையைக் கூட்டியோ, பொருளின் வலிமையைக் குறைத்தோ, நடுக்கத்தின் கால அளவைச் சுருக்கியோ ஈடு செய்தல் வேண்டும். ஈடு செய்யாத ஒப்புரு விழுந்தாலும் பொருளில்லை; நின்றாலும் பொருளில்லை. பொம்மை செய்து குலுக்கிக் காட்டுவது ஆய்வாகாது என்பதை இதனால் அறிக.

இவ் வரிய பணியை ஒரு சிறு நாடு செய்து காட்டியது. வடமாக்கெதோனிய நாட்டுத் தலைநகர் இசுகோப்பியே 1963ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் நடுக்கத்தால் நொறுங்கியது. ஆயிரவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அம் மக்கள் அழுது ஓயவில்லை. 1965இல் நிலநடுக்கப் பொறியியலுக்கென்றே ஓர் ஆய்வுக்கழகம் கண்டனர். 1492இல் அந் நகரில் எழுந்த முசுத்தபா பாசா பள்ளிவாசலை ஆறிலொரு பங்கு அளவில் ஒப்புருவாகக் கட்டி, அதிர்வுமேடையில் ஏற்றி ஆட்டினர். ஆய்வு மூன்று படிகளில் நடந்தது. முதலில், மெல்லிய அதிர்வால் தூண்கோபுரம் மட்டும் சிதையுமாறு ஆட்டி, அதன் நோயைக் கண்டனர். அடுத்து, அதனை வலுவூட்டி, பள்ளிவாசலின் உடல் விரிசல் விடும்வரை ஆட்டினர். மூன்றாவதாக, கரிம இழைப்பட்டைகளால் அவ் வுடலையும் கட்டி, கடுஞ்சிதைவு நேரும்வரை ஆட்டி, கட்டினால் எத்துணை வலிமை கூடும் என்பதை அளந்தனர். முதலில் எது உடையும், அதனைக் காத்தபின் எது உடையும், எங்கே கட்டினால் எது நிற்கும் என்று படிப்படியாக வினவிய முறையே அறிவியல் முறை. அந்த ஆய்வுத் திட்டத்திலேயே பழந்தேவாலயங்களின் ஒப்புருக்களும் கிரேக்கத் தூண்களின் ஒப்புருவும் ஆட்டிப் பார்க்கப்பட்டன. தம் முன்னோர் கட்டியதை ஒப்புருவில் உடைத்துப் பார்த்தமையால் எவரும் அவர்களை இனப்பகைவர் என்று ஏசவில்லை.

யப்பானியரைப் பாருங்கள். 1995 சனவரி 17ஆம் நாள் கோபே நகர் அழிந்தபின், மிக்கி நகரில் 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடைய அதிர்வுமேடை அமைத்தனர். 1,200 தொன் எடையுள்ள முழுக்கட்டடத்தையே அதன்மீது ஏற்றி ஆட்டலாம். 2005இல் அது பணி தொடங்கியது. இசுத்தான்புல் நகரத்து அகியா சோபியாவில் 537இல் முடிந்த பெருங்குவிமாடம் 558இலேயே நடுக்கங்களால் தளர்ந்து வீழ்ந்தது. 562இல் முன்னினும் உயர்ந்த வளைவோடு மீண்டும் எழுந்தது. உயர்ந்த வளைவு சுவரை வெளியே தள்ளும் விசையைக் குறைக்கும் என்பதை அக் காலத்துத் தச்சரும் பட்டறிந்து கற்றனர். அக் கட்டடத்தில் 1991இல் அதிர்வளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. 1999 ஆகத்து 17ஆம் நாள் நேர்ந்த பெருநடுக்கத்தில் கட்டடம் எங்கே எவ்வளவு அசைந்தது என்பதை அக் கருவிகளே எழுதிக் காட்டின.

காப்பதாக எண்ணிக் கெடுப்பதும் உண்டு. இத்தாலியின் அசிசி நகரத்துப் பெருங்கோயிலில் 1997 செப்டம்பர் 26ஆம் நாள் வளைகூரை இடிந்து, உள்ளே பார்வையிட்டுக்கொண்டிருந்த நால்வர் உயிரிழந்தனர். வளைவுகளின் முதுகில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த இடிகற் குவியல் அவ் விழிவுக்குத் தலையாய கரணியம் என்று வல்லுநர் கண்டனர். அந் நாட்டிலேயே, பழங்கற்சுவர்களின் மேலிருந்த மரக்கூரையை நீக்கிக் கம்பிக் கற்காரைக் கூரை ஏற்றிய வீடுகள் பல, கூரை கெடாமல் சுவர் நொறுங்கி வீழ்ந்தன. வலுவூட்டுவதாக ஏற்றிய சுமையே வீழ்த்தியது. நம் நாட்டில் குடமுழுக்குத் திருப்பணி என்னும் பெயரால் நடப்பதை இதனோடு ஒப்பிடுக. மண்டபக் கூரைமேல் பழைய தளத்தை எடுக்காமல் புதிய தளம் போடுகின்றனர். அதன்மேல் மீண்டும் ஒன்று. கடுக்காய் நீரும் வெல்லச்சாறும் சேர்த்தரைத்த சுதைச்சாந்து இருந்த இடத்தில் பைஞ்சுதையை அப்புகின்றனர். சுதை மெத்தென்றது, அசைந்தால் தான் விரிந்து செங்கல்லைக் காக்கும், நீரை வெளியே மூச்சு விடும். பைஞ்சுதை விறைத்தது; உள்ளிருக்கும் நீரைச் சிறைப்படுத்தும்; அசைந்தால் தன்னோடு செங்கல்லையும் பெயர்க்கும். ஒரு குடமுழுக்குக்கும் மற்றொரு குடமுழுக்குக்கும் இடையே எத்துணைச் சுமை ஏறியது என்று எவரேனும் கணக்கு வைத்துள்ளனரா?

நம்மிடம் கருவியில்லை, அறிவில்லை என்று எவரும் சொல்லற்க. சென்னைத் தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு நடுவத்தில் அதிர்வுமேடை உள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மரபுக் கட்டடங்களின் உறுதியை ஆய்வதற்கென்றே ஒரு நடுவம் ஏற்பட்டுள்ளது. 1509இல் எழுந்ததும், ஏறத்தாழ 190 அடி உயரமுடையதுமான காஞ்சி ஏகம்பரநாதர் கோயிற் கோபுரத்தின் நிலநடுக்க நிலையைக் கணிப்பாய்வு செய்த அறிஞர்கள் அங்கிருந்தே பணியாற்றினர். அவர்களைப் பாராட்டுகின்றோம். ஆனால் ஒரு வினா. அவ் வாய்வுகளைத் தமிழிற் படிக்க முடியுமா? முடியாது. அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆய்விதழ்களில் வெளிவந்து, அங்கேயே உறங்குகின்றன.

இதனை வெறும் மொழிப்பற்றால் சொல்கின்றோம் என்று எண்ணற்க. கோபுரத்தில் சாரமேறிக் கைவைப்பவன் கொத்தன். கல்லைப் பெயர்த்து வைப்பவன் கல்தச்சன். கடைக்கால், காடி, கழுந்து, பூட்டு, போதிகை, உத்திரம், பாவுகல் என்று ஒவ்வொரு மூட்டுக்கும் அவனிடம் பெயருண்டு. அம் மூட்டு எவ்வாறு இயங்கும் என்னும் கணக்குப் பொறியாளனிடம் உண்டு. தச்சனுக்குப் பொறியாளன் எழுதியது விளங்கவில்லை. பொறியாளனுக்குத் தச்சன் பேசியது விளங்கவில்லை. இருவருக்குமிடையே ஆங்கிலம் சுவராக நிற்கின்றது. அச் சுவர் இடியாதவரை கோயிற் சுவர்க்குக் காவலில்லை. அதிர்வுமேடை, முடுக்கம், எடைநடுவம், அலைவுக்காலம், ஒப்புரு, கரிம இழை என்று இக் கட்டுரையில் எடுத்தாண்ட சொற்களுள் எது விளங்காமற் போயிற்று? தமிழால் அறிவியல் இயலாது என்பார் இயன்றதைக் கண்டும் கண்மூடுவோர்.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கின்றோம். முதலாவது, தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகிய மூன்று கோயில்களிலும், ஊர்தோறுமுள்ள உயர்ந்த கோபுரங்களிலும் நுண்ணதிர்வுக் கருவிகளை வைத்து, காற்றாலும் ஊர்திப் போக்காலும் அன்றாடம் எழும் சிற்றசைவைக் கொண்டே அவற்றின் அலைவுக்காலத்தை அளத்தல் வேண்டும். இதனால் ஒரு கல்லுக்கும் ஊறில்லை. ஆண்டுதோறும் அளந்து வந்தால், அலைவுக்காலம் நீளும்போது உள்ளே விறைப்புக் குறைந்தமை தெரியும். கோபுரம் வாய் திறந்து நோய் சொல்வது அதுவே. இரண்டாவது, கடைக்காலையும் அதன்கீழ் மண்ணையும் முறையாக ஆய்ந்து வெளியிடல் வேண்டும். பொம்மைக் கதைக்கு அது ஒன்றே மருந்து. மூன்றாவது, செங்கற்கோபுரம் ஒன்றையும் தூண் மண்டபம் ஒன்றையும் அளவு பிறழாத ஒப்புருக்களாக, மரபுத் தச்சரின் கையாலேயே, மரபுச் சாந்தாலேயே கட்டி, தமிழகத்து மேடையிலேயே ஆட்டிப் பார்த்தல் வேண்டும். நான்காவது, எந்தத் திருப்பணியும் தொடங்குமுன், கூரையிலும் கோபுரத்திலும் ஏறியுள்ள சுமையைக் கணக்கிட்டுக் குறைத்தல் வேண்டும். ஐந்தாவது, இவற்றின் முடிபுகள் யாவும், நல்லனவாயினும் அல்லனவாயினும், தமிழில் அச்சாகி ஊர்மக்கள் கைக்கு வருதல் வேண்டும்.

இறுதியாக நம்மவருள் ஐயுறுவார்க்கு ஒரு சொல். ஆய்ந்தால் குறை வெளிப்படுமே, நம் பெருமைக்கு இழுக்காகுமே என்று அஞ்சுகின்றீர்கள். குறை வெளிப்பட்டால் திருத்தலாம், மறைத்தால் இழக்கலாம். ஆய்ந்து, நிற்கும் என்று தெரிந்தால் அப் பெருமையை உலகில் எவரும் அசைக்க முடியாது. ஆய்ந்து, ஓரிடத்தில் தளர்ச்சி என்று தெரிந்தால் அவ் விடத்தைக் காத்து, இன்னும் ஆயிரம் ஆண்டு நிற்கச் செய்யலாம். இரண்டிலும் ஊதியம் நமதே. ஆயாமல் பீடு பேசித் திரிந்து, ஒருநாள் நிலம் கேள்வி கேட்கும்போது விடை தெரியாமல் நிற்பதுதான் இழுக்கு.

பெருந்தச்சன் உளியெடுத்தபோது கதையை நம்பிக் கல் வைக்கவில்லை; அளந்து வைத்தான். அவன் அளந்து வைத்ததை நாம் அளந்து காப்போம். தமிழிளைஞர்களே! மேடையில் நிழற்கதை கேட்டுக் கைதட்டுவதை விடுத்து, பொறியியலும் தச்சும் தமிழிற் கற்க முனையுங்கள். உங்கள் ஊர்க் கோபுரத்தின் விரிசலை அளந்து, நாளிட்டு எழுதி வையுங்கள். மீண்டும் அடுத்த ஆண்டு அளவுங்கள். அதுவே இன்று நீங்கள் செய்யத்தக்க தமிழ்ப்பணி.